சொட்டுக்காரரின் சுவர்

அந்த மலைக்காட்டுத் தேசியப் பூங்காவில் குழாய் வேலை பார்த்தவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடும் இடத்தில் மட்டும் அதற்கு மரியாதை. மற்றபடி அதிகாரி முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் சொட்டுக்காரர். பட்டப்பெயர் சிலருக்கு ஒட்டும், சிலருக்கு ஒட்டாது. இவருக்குப் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, அந்தப் பசையைப் போட்டது அவரில்லை. அவர் போட்டிருந்தால் என்றைக்கோ கழன்றிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான்: அவர் கை வைத்த குழாய் ஒழுகும். அதற்காக மனுஷன் ஏனோதானோ என்று வேலை செய்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்வார். குழாய் முனையின் மரையைத் துணியால் துடைப்பார், ஊதுவார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், மனம் கேட்காமல் இன்னொரு தடவை ஊதுவார். சணலை ஒரு இழை பிசகாமல் சுற்றி, அதற்கு மேல் வெள்ளை டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுவார். ரெஞ்சைப் போட்டு முறுக்கும்போது நாக்கின் நுனி வாயோரத்தில் எட்டிப்பார்க்கும். பிறகு வால்வைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பொட்டு ஈரம் இருக்காது. முகத்தில் மெல்லச் சிரிப்பு வரும். சாமான்களைப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டி, ஒரு எட்டு எடுத்து வைப்பார். பின்னாலிருந்து 'டொப்' என்று கேட்கும்.

அந்த ஒரு சொட்டுக்குப் பின்னால் இன்னொன்று. அது பெருகாது, குறையாது, நிற்கவும் நிற்காது. மழையோ வெயிலோ, வருஷக்கணக்கில் ஒரே தாளம். அவர் போட்ட இணைப்பு எதுவும் இதுவரை வெடித்ததில்லை, பிய்த்துக்கொண்டு போனதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெருமையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, கேட்டு வாங்கவும் அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

பிறகு எப்படி இத்தனை வருஷம் வேலையில் வைத்திருந்தார்கள் என்று கேட்கலாம். வேறு யார் வருவார்கள் அந்த மலைக்கு? வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. காலுறை காய்ந்த சரித்திரமே கிடையாது. கீழே நகரத்திலிருந்து வந்து பார்த்த குழாய்க்காரர்கள் எல்லாம் சாயங்காலம் ஷூவைக் கழற்றி உள்ளே இருக்கும் அட்டைகளைப் பார்த்ததும் கூலியைக்கூட வாங்காமல் பஸ் ஏறினார்கள். இவர் ஒருத்தர்தான் அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுநாளும் வந்தார். மலை உச்சிக்குப் பக்கத்து ஓடையிலிருந்து குழாய் வழியாக இறங்கி வரும் தண்ணீர்தான் விருந்தினர் விடுதிக்கும், அலுவலகத்துக்கும், சமையலறைக்கும், ஊழியர் குடியிருப்புக்கும். ஓடை வாயில் இலை அடைக்கும், சேறு அடைக்கும், சில நாள் நண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏறிப்போய் அதையெல்லாம் எடுத்துவிடுவதும் அவர் பாடுதான்.

அந்தப் பூங்காவில் ஒரு வேடிக்கை உண்டு. பார்வையாளர்கள் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு காலையில் மூச்சு வாங்க மலையேறுவார்கள். அபூர்வ மிருகம், அபூர்வப் பறவை என்று புத்தகத்தில் படித்ததை எல்லாம் பார்த்துவிடலாம் என்ற ஆசை. நாள் முழுக்க அவர்கள் பார்ப்பது வழிகாட்டியின் பிடரியை மட்டும்தான். நொந்துபோய் விடுதிக்குத் திரும்பினால், சமையலறைக்குப் பின்னால் ஒழுகும் குழாயில் மலை அணில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் மரநாய் ஒன்று தன் குட்டிகளோடு நக்கிக்கொண்டிருக்கும். அலுவலகத்து மூலைக் குழாயில் பாசி படர்ந்து, பாசிமேல் அரிசி அளவே பூக்கும் ஆர்க்கிட் ஒன்று வளர்ந்து, அதைப் படமெடுக்க ஒரு பேராசிரியர் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஒரு மழைக்காலம் முழுக்க வால்வுப் பெட்டிக்குள் பச்சை விரியன் குடியிருந்தது. அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க யாருக்கும் தைரியம் இல்லாததால் சொட்டுக்காரர்மேல் ஒரு புகாரும் வரவில்லை. அவர் நிம்மதியாக இருந்த ஒரே மழைக்காலம் அதுதான்.

அணிலையும் மரநாயையும் பார்த்தவர்கள் காட்டைப் புகழ்ந்தார்கள். சொட்டைப் பார்த்தவர்கள் அவரைத் திட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

அவருடைய மனைவி விடுதியின் துணி வெளுக்கும் அறைக்குப் பொறுப்பு. அந்த ஈரத்தில் படுக்கை விரிப்புகளைக் காய வைத்துக் கொடுக்கிறவள் எதையும் சாதிப்பாள் என்று சமையல்காரர் சொல்வதுண்டு. அவள் வேலைக்குத் தினக்கூலிதான். குடியிருந்த இரண்டு அறை வீடு அவர் பேரில். அவர் வேலை போனால் வீடும் போகும். இது இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் புது அதிகாரி வந்து சேர்ந்தார். சட்டைக் கழுத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. வந்த முதல் வாரமே விடுதியின் பின்வாசல் வழியாக வெளியே வந்தவரின் அந்தக் கழுத்துக்குள் கச்சிதமாக ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார், இன்னொன்று மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. சொட்டுக்காரரைக் கூப்பிட்டு, மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், அப்போது ஒரு குழாயாவது ஒழுகினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தாலாவது பழக்கப்பட்ட காது தாங்கியிருக்கும். இந்தப் பொறுமைக்குக் காது பழகியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். தையல் மிஷின், அலமாரி, குறுக்கே கட்டிய துணிக்கொடி. பிறகு மறுநாள் அவருக்குத் தெரியாமல் தன் தம்பிக்கு போன் போட்டாள்.

தம்பி என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. கீழே நகரத்தில் குழாய் சாமான் கடை வைத்திருந்தான். அவன் போட்ட இணைப்பு ஒழுகாது என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்தால் அவனே சொல்லிவிடுவான். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் குழாய்களைத் திருகிப் பார்க்கிற ரகம். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் தண்ணீர் மட்டும் தங்கவே தங்காது போல என்று அவன் ஒரு தடவை பத்துப் பேர் நடுவில் சொன்னதை சொட்டுக்காரர் இன்னும் மறக்கவில்லை. மச்சான் பேச்சை எடுத்தாலே அவருக்குச் சுர்ரென்று ஏறும்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தந்திரம் செய்தாள். தண்ணீர் கலங்கலாக வருகிறது, ஓடை வாயைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரை மலைமேல் அனுப்பினாள். அவரும் போய் இலை அள்ளி, சேறு அள்ளி, ஒரு நண்டோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் இறங்கி வந்தார். வளாகத்துக்குள் நுழைந்ததும் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. முதலில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்து விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது, எங்கேயும் சொட்டுச் சத்தம் இல்லை.

தம்பி வந்துவிட்டுப் போனான் என்று அவள் சொன்னாள். அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார். கோபம் பாதி, வெட்கம் பாதி. இருபது வருஷமாகத் தன்னால் முடியாததை அந்தப் பயல் ஒரு பகலில் முடித்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடித்திருக்கிறான். வேலை தப்பியது என்ற நிம்மதிகூட அவருக்குக் கசந்தது.

மறுநாள் காலை அதிகாரி ஆள் அனுப்பினார். விடுதிக்குப் பின்னால் உடனே வரச் சொன்னார். அங்கே மலைச்சரிவு சரியாமல் இருக்கக் கட்டிய பெரிய கருங்கல் சுவர் ஒன்று உண்டு. அதன் உச்சி வழியாகக் குழாய் போகும். அந்தக் குழாயின் முழங்கை வளைவு சொட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் போட்டது, அன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்கப் பாசியும் பொடிப் பெரணியும். இப்போது வளைவு இருந்த இடத்தில் புதுசாக ஒரு பிளாஸ்டிக் துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

அதிகாரியோடு தவளையம்மாவும் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா தவளை ஆராய்ச்சிக்காரர். வருஷா வருஷம் வந்து தங்குவார். எப்போதும் சேற்று பூட்ஸும் மழைக்கோட்டுமாக இருப்பார். சொட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்லாத ஒரே ஆள் அவர்தான். நான்கு கால் இல்லாத எதுவும் அவர் கண்ணில் படாது என்பதுதான் காரணம். அன்றைக்கு அவர் கண் சிவந்திருந்தது.

அதிகாரி குழாயைக் காட்டி, "இதை அடைச்சது யாரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக சொட்டுக்காரர் இருபது வருஷம் காத்திருந்தார் என்று சொல்ல வேண்டும். ஒழுக விட்டது யார் என்று கேட்டவர்கள் உண்டு, அடைத்தது யார் என்று கேட்டவர் எவரும் இல்லை. பாராட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. மச்சான் பேரைச் சொல்ல வேண்டியதுதான். அதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"நான்தாங்க ஐயா," என்றார். அதோடு நிறுத்தினாரா? நீங்கள் சொன்ன பிறகு விடுவேனா என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டார்.

தவளையம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். தன் வேலை மோசம் என்று கத்தியவர்களை சொட்டுக்காரர் நிறையப் பார்த்திருக்கிறார். வேலை நன்றாக இருக்கிறது என்று அழுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதிகாரி விவரம் சொல்லச் சொல்ல சொட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. கட்டைவிரல் நகத்தின் அளவே உள்ள ஒரு தவளை. தவளையம்மா பிறப்பதற்கு முன்னால் யாரோ கடைசியாகப் பார்த்தது, அதன் பிறகு யார் கண்ணிலும் படாதது. அது குளத்தில் முட்டையிடாது, ஓடையில் முட்டையிடாது. எப்போதும் மெல்லிசாகத் தண்ணீர் கசியும் பாறை முகத்தில், பாசிக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அந்த ஈரத்திலேயே பாறைமேல் ஊர்ந்து வளரும். அதைத் தேடித்தான் அந்த அம்மா இத்தனை வருஷம் அருவி அருவியாக ஏறி விழுந்தது. சனிக்கிழமை பூட்ஸைக் கழுவ விடுதிக்குப் பின்னால் வந்தவர், இந்தச் சுவரில் அதைப் பார்த்தார். பாசிக்குள் முட்டைகளும் இருந்தன. அபூர்வத் தவளை என்று தெரிந்தால் திருடி விற்க ஆள் வந்துவிடும் என்று பயந்து அதிகாரியிடம் மட்டும் சொன்னார். இருவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ஞாயிற்றுக்கிழமை சுவர் காய்ந்துவிட்டது.

முட்டை பொரிய இன்னும் சில நாள் வேண்டும், காய்ந்தால் எல்லாம் போச்சு என்றார் தவளையம்மா. வெளுக்கும் அறையிலிருந்து துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கொண்டுவந்து காலையிலிருந்து தெளித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்படி அடைச்சீங்களோ அப்படியே பிரிச்சு விடுங்க," என்றார் அதிகாரி. "பழையபடி சொட்டணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது நடக்கலைன்னா ஒப்பந்தத்தைப் பத்தி என்கிட்ட வந்து பேசவே வேண்டாம்."

போன வாரம் ஒழுகினால் வேலை போகும். இந்த வாரம் ஒழுகாவிட்டால் வேலை போகும். சொட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஏணியைக் கொண்டுவந்தார். மச்சான் பிளாஸ்டிக்கை வைத்துப் பசை போட்டு ஒட்டியிருந்தான். தளர்த்த மரை இல்லை, திருக வழியில்லை. வேறு வழி தெரியாமல் ரம்பத்தை வைத்து அறுத்தார். மேல்மலைத் தண்ணீர் மொத்தமும் சீறிக்கொண்டு வந்தது. அவர் ஓடிப்போய் வால்வை மூடுவதற்குள் பாசியில் ஒரு பிடி பெயர்ந்து கீழே விழுந்துவிட்டது. தவளையம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு அந்தச் சேற்றுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

அப்புறம் என்ன, மச்சானைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். அக்கா வழியிலேயே மறித்து, தன் புருஷன் அளந்து வைத்த பொய்யைச் சொல்லியிருந்தாள். அதைக் காப்பாற்று என்று அவள் கேட்கவும் இல்லை, கேட்காமலும் இல்லை. அதிகாரி அவனிடம், உங்கள் மாமா ரொம்ப நன்றாக அடைத்துவிட்டார், அதுதான் இப்போது பிரச்சினை என்றார். மச்சான் மெல்லத் திரும்பி சொட்டுக்காரரைப் பார்த்தான். சொட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றான் மச்சான். "அவர் கை வச்சா அப்படித்தான்."

நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

மச்சானுக்கு இது ஒரு வேலையா? ஒரு சின்னக் குழாயை மாட்டி, சொட்டுகிற அளவுக்குத் திருகி வைத்தான். வெளுக்கும் அறையில் தொட்டி நிரப்பக் குழாயைத் திறந்ததும் சொட்டு நின்றது. சமையலறையில் குழாயை மூடியதும் அருவியாகக் கொட்டியது. மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செருகிப் பார்த்தான், மதியத்துக்குள் வண்டல் அடைத்துக்கொண்டது. ஊசி முனை அளவு ஒரு துளை போட்டான். அதிலிருந்து கிளம்பிய தண்ணீர் சுவரைத் தொடாமல் நேரே போய் அதிகாரியின் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. கடைசியில் பழைய முறையிலேயே இரும்பு வளைவை மாட்டி, டேப்பை வேண்டுமென்றே குறைத்துச் சுற்றினான். ஆனால் முறுக்கி முடிக்கும்போது பழகின கை சும்மா இருக்குமா? ஒரு கடைசி அழுத்து அழுத்திவிட்டது. கருவாடு மாதிரி காய்ந்து நின்றது. பழைய வளைவாவது கிடைக்குமா என்றால், அதை ஞாயிற்றுக்கிழமையே இரும்புக் கடையில் போட்டுவிட்டான்.

இதற்கிடையில் ஆள் மாற்றி ஆள் பாட்டிலை வைத்துக்கொண்டு சுவருக்குத் தெளித்தார்கள். காவலர்கள் தெளித்தார்கள், சமையல்காரர் தெளித்தார், சொட்டுக்காரரின் மனைவி மற்றவர்களைவிட அதிக நேரம் தெளித்தாள். என்ன தெளித்தும் பாசியின் ஓரம் பழுத்துக்கொண்டே வந்தது. கல் இடுக்குக்குள்ளிருந்து தகர டப்பாவை நகத்தால் சுண்டுகிற மாதிரி ஆண் தவளை ஒன்று கத்தும். புதன்கிழமை அந்தச் சத்தமும் நின்றுபோனது.

மச்சான் ஏணியடியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒழுக வைக்க வரலை, மாமா," என்றான்.

சொட்டுக்காரர் ஏணியில் ஏறினார். இனி அவரை விட்டால் ஆள் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒழுக வேண்டும் என்றே ஒரு இணைப்பைப் போடப் போகிறார். மச்சான் போட்ட வளைவை அறுத்தெடுத்துவிட்டு வேறொரு இரும்பு வளைவை எடுத்தார். மரையைத் துடைக்கவில்லை. ஊதவில்லை. சணலைக் கண்ட மாதிரி சுற்றினார். டேப் பாதியில் கிழிந்தது, அப்படியே விட்டார். நாக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, அரை மனசாக முறுக்கினார். வால்வைத் திறக்கச் சொன்னார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சொட்டு வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தார்கள். அவர் சாமான்களைப் பைக்குள் போட்டுப் பார்த்தார், பையைத் தோளில் மாட்டிப் பார்த்தார், ஒரு எட்டு நடந்துகூடப் பார்த்தார். ம்ஹூம். மச்சான் ஏணியில் ஏறி வளைவைச் சுற்றி விரலால் தடவி, அந்த விரலை உதட்டில் ஒற்றிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"நான் போட்டாகூட இப்படி நிக்காது மாமா," என்றான். கேலி இல்லை. தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொல்வது.

சொட்டுக்காரர் அண்ணாந்து அந்த வளைவைப் பார்த்தார். இத்தனை வருஷம் எங்கே போயிருந்தாய் என்று அந்த வளைவைக் கேட்கத் தோன்றியது. ஊரைக் கூட்டிக் காட்டியிருக்க வேண்டிய வேலை, இந்த நேரத்திலா வந்து வாய்க்க வேண்டும்? சந்தோஷப்படவும் முடியாமல், அழவும் முடியாமல் நின்றார். அதிகாரி பெருமூச்சு விட்டார். தவளையம்மா காலியான பாட்டிலில் மறுபடி தண்ணீர் பிடிக்கப் போனார்.

அப்போது மனைவி பக்கத்தில் வந்தாள். வேலைக்குப் புடவைமேல் போட்டிருந்த சட்டையின் கை முழங்கைவரை நனைந்திருந்தது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு அவள் வந்து நின்று பார்த்ததே கிடையாது.

"என்னங்க, ஒழுக விடணும்னு நினைச்சுச் செய்யாதீங்க," என்றாள். "எப்பவும் போல ஒழுங்கா அடைங்க. ஒரு சொட்டுகூட வரக்கூடாதுன்னு நினைச்சு அடைங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று தேடினார், ஒரு துளிகூட இல்லை. அதுதான் இன்னும் வலித்தது. இருபது வருஷம் கூட இருந்தவள், தன் புருஷன் முழு மனசோடு செய்தால் ஒழுகும் என்று உறுதியாக நம்புகிறாள். அந்த நம்பிக்கையில்தான் இப்போது வீடும் இருக்கிறது, தவளையும் இருக்கிறது.

அவர் அந்தக் காய்ந்த வளைவை இணைப்பு கலையாமல் இரு பக்கமும் அறுத்து எடுத்து, சேற்றில் பத்திரமாக ஓரமாக வைத்தார். இன்னொரு வளைவை எடுத்தார். மரையைத் துடைத்தார். ஊதினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை ஊதினார். சணல் ஒரு இழை பிசகவில்லை. டேப் ஒரு சுருக்கம் விழவில்லை. நாக்கு நுனி வாயோரத்தில் எட்டிப்பார்த்தது. தவளையை மறந்தார், ஒப்பந்தத்தை மறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் அந்த நேரத்தில் அது ஒழுகக் கூடாது என்றுதான் விரும்பினார். சற்று முன்னால் ஒன்று நின்றிருக்கிறதே, கை தெரிந்துகொண்டிருக்காதா என்ற ஆசை. அந்த ஆசையோடு கடைசி முறுக்கை முறுக்கினார்.

வால்வைத் திறந்தார்கள். பொட்டு ஈரம் இல்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. இறங்கி, ரெஞ்சைப் பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டி, ஒரு எட்டு எடுத்து வைத்தார்.

டொப்.

காவலர் ஒருவர் கை தட்டப் போனார், தவளையம்மா கையை உயர்த்தி அடக்கினார். இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது. பழைய தாளம். சொட்டு கல்லில் பட்டு, பாசிக்குள் பரவி, மெதுவாகக் கீழே இறங்கியது. கழுத்துக்குள் விழுந்த சொட்டை மன்னிக்காத அதிகாரி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தவளையம்மா மறுபடி அழுதார், இந்தத் தடவை நின்றுகொண்டே. மதியத்துக்கு மேல் கல் இடுக்கிலிருந்து தகர டப்பாவைச் சுண்டுகிற சத்தம் கேட்டதும்தான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சமையல்காரர் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ போட்டார்.

சொட்டுக்காரர் மட்டும் டீயைக் குடிக்காமல் சுவரடியில் நின்றார்.

"இந்தத் தடவை நிஜமாவே நின்னுடும்னு நினைச்சேன் மாப்ள," என்றார்.

மச்சான் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த ஆறிப்போன டீயை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, சூடாக வேறொன்று கொண்டுவந்து கொடுத்தான்.

முட்டைகள் பொரிந்தன. மிளகு அளவில் குஞ்சுகள் அந்த ஈரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு சுவர் முழுக்க ஊர்ந்தன. தலைமை அலுவலகத்துக்காரர்கள் வந்து, சுவருக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கழுத்துக்குள் சொட்டு விழுந்தது, அவர் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சுவரருகே ஒரு பலகை வைத்தார்கள்: இந்தக் குழாயைக் குழாய்க்காரர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. அடுத்த வெயில் காலத்தில் மேலே காய்ந்து கிடந்த பாறை முகங்களுக்கும் குழாய் இழுத்தார்கள். எல்லாவற்றிலும் சொட்டுக்காரர்தான் இணைப்புப் போட வேண்டும் என்று தவளையம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஒவ்வொரு பாறையிலும் அவர் முழு மனசோடு அடைக்கப் பார்த்தார். பாவம், ஒன்றுகூட நிற்கவில்லை. அங்கேயும் இப்போது கத்துகிற சத்தம் கேட்கிறதாம்.

அந்தக் காய்ந்த வளைவை அவர் அன்றைக்குச் சாயங்காலமே சேற்றில் தேடினார், காணவில்லை. யாரோ இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டார். சில நாள் கழித்து வீட்டுக்குள் நுழைந்தபோது அலமாரியின் நடுத்தட்டில் அது இருந்தது. அவள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு வாயை மருந்து பாட்டில் தக்கையால் அடைத்து, இன்னொரு வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வாசலில் முளைத்த பெரணி ஒன்றைச் செருகி வைத்திருந்தாள். அடியில் ஒரு வெள்ளைக் காகிதம், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தெரியும்படி.   அவர் தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்ப்பார்.

ஒரு நாள் மச்சான் வந்திருந்தபோது அதிகாரியும் ஏதோ வேலையாகக் குடியிருப்புப் பக்கம் வந்தவர் மழைக்கு அவர்கள் வீட்டில் ஒதுங்கினார். மச்சான் வழக்கம்போல வீட்டுக் குழாய்களைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டுக்காரர் மறுபடி கை வைத்திருந்ததால் எல்லாம் சொட்டின. அதிகாரி அலமாரிக்கு முன்னால் நின்றார். பெரணியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், குனிந்து வளைவின் இணைப்பையும் அடியிலிருந்த காகிதத்தையும் பார்த்தார்.

"இதை அடைச்சது யாரு?" என்று கேட்டார்.

சமையலறையில் அவளுடைய பாத்திரச் சத்தம் நின்றது. மச்சான் குழாயை விட்டுவிட்டுத் திரும்பினான். சொட்டுக்காரர் இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை.

"நான்தாங்க ஐயா," என்றார்.

அதிகாரி காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்தே இருந்தது.